சர்க்கரை போடாமல் சினமன் ரோல் சுவையில் காபி: நாலு முறை சொதப்பிவிட்டேன், வழி சொல்லுங்கள்

வெள்ளிமாலை எழுதியது:

வணக்கம். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. காலைக் காபியை அப்படியே குடிக்கப் பழகிவிட்டேன். முதல் பத்து நாள் கஷாயம் குடிப்பது போல இருந்தது. இப்போது யாராவது தெரியாமல் சர்க்கரை போட்டுக் கொடுத்தால்தான் முகம் சுளிக்கிறது. ஆகவே காலைநேரம் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் பிரச்சினை.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வெள்ளி மாலை ஒரு காபிக் கடையில் சினமன் ரோல் லாட்டே (பட்டை தடவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டியின் சுவையில் ஒரு பால் காபி) வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவது மூன்று வருட வழக்கம். போன மாதம் அங்கே இருந்த பையனிடம் இதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். பாட்டிலைத் திருப்பிக் காட்டினான். முதலில் சர்க்கரை, அடுத்தது தண்ணீர். பட்டை என்ற சொல் அந்த லேபிளில் எங்கேயும் இல்லை, வெறும் 'மணமூட்டி'. சரி, வீட்டிலேயே செய்துகொள்வோம் என்று வந்துவிட்டேன். செய்த லட்சணம் கீழே.

முதல் முறை: காபியில் பட்டைத்தூள் அரை டீஸ்பூன். மரத்தூள் மாதிரி மேலே மிதந்தது. கலக்கினால் உள்ளே போய் மறுபடி மேலே வந்தது. கடைசி நாலு வாய் வழவழவென்று சளி போல இருந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை: கொதிக்கும் பாலோடு ஐந்து பேரீச்சம்பழத்தை மிக்ஸியில் போட்டுச் சுற்றினேன். மூடி பறந்தது. கூரையில் இன்னும் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. ஜாடியில் மிஞ்சியதைக் குடித்தேன். பழத்தோல் நார்நாராகப் பல்லில் சிக்கியது.

மூன்றாம் முறை: வீட்டில் அரைத்த பாதாம் பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடான காபியில் நேராக ஊற்றினேன். கண் முன்னாலேயே திரிந்தது.

நான்காம் முறை: தேன், மூன்று டீஸ்பூன். தேன் மணத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதுவும் போதுமான இனிப்பாக இல்லை.

என்னிடம் இருப்பது: மோக்கா பாட் (அடுப்பில் வைத்துக் கெட்டிக் காபி இறக்குகிற பாத்திரம்), கையில் பிடித்து நுரைக்கிற பேட்டரிக் கருவி, மிக்ஸி, சின்ன வடிகட்டி. எஸ்பிரஸ்ஸோ மெஷின் கிடையாது, வாங்கவும் போவதில்லை. அந்த ரோலைக் கடிக்கும்போது வருமே ஒரு வாசனை, அது கோப்பையில் வர வேண்டும். மேலே அந்த வெள்ளைக் கிரீம் ஐசிங்கும் வேண்டும். பேராசைதான். உதவுங்கள்.

*

கசப்புப்பிரியன் எழுதியது:

எல்லாம் சரி, இதில் காபி எப்போது வரும்?

*

மாவுக்கை எழுதியது:

மேலே உள்ளவரை விடுங்கள். அவர் எல்லாத் திரியிலும் இதையேதான் கேட்கிறார்.

நான் பதினோரு வருடம் பேக்கரியில் அடுப்பு பார்த்தவன். தினமும் விடிகாலை சினமன் ரோல் போட்ட கை. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி: நீங்கள் தேடுகிற வாசனை பட்டையிடம் மட்டும் இல்லை, வெண்ணெயிடம் இருக்கிறது. ரோலுக்குள் பட்டையைத் தனியாகத் தூவ மாட்டோம். இளகிய வெண்ணெயில் குழைத்துத்தான் தடவுவோம். பட்டைக்கு மணம் கொடுக்கிற பொருள் எண்ணெய்த் தன்மை உள்ளது. தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். காபி கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். அதில் தூளைப் போட்டால் மணம் தூளுக்குள்ளேயே கிடக்கும், தூள் மிதக்கும். அந்த வழவழப்பும் உங்கள் கற்பனை இல்லை. பட்டைத்தூள் தண்ணீரை உறிஞ்சிக் கூழ் மாதிரி ஆகும்.

ஆகவே ஒரு சின்னப் பாட்டில் 'பட்டை வெண்ணெய்' செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைக்கு மட்டும் அரை டீஸ்பூன் வெண்ணெயைக் காய்ச்ச முயலாதீர்கள், பாத்திரம் சூடாவதற்குள் கருகிவிடும். உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம். அடி வெளுப்பான பாத்திரத்தில் போடுங்கள், கறுப்புப் பாத்திரத்தில் நிறம் மாறுவது தெரியாது. சிறு தீ. முதலில் உருகும், பிறகு சடசடவென்று பொரியும். அது வெண்ணெயில் உள்ள தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கும்போது நுரை கட்டும், அடியில் பால் பொடி போல இருப்பது பொன்னிறமாகும். வறுத்த பருப்பு மணம் வந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். இன்னொரு இருபது நொடி விட்டால் கரி.

இறக்கிய பிறகு, கவனிக்கவும், இறக்கிய பிறகு, பட்டைத்தூள் ஒரு டேபிள்ஸ்பூனும் உப்பு ஒரு சிட்டிகையும் போட்டுக் கலக்குங்கள். அடுப்பில் இருக்கும்போது போட்டால் பட்டை கருகிக் கசக்கும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறுகுவதற்குள் இரண்டு முறை கலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தூள் முழுக்க அடியில் தங்கிவிடும். கோப்பைக்கு அரை டீஸ்பூன் போதும்.

பேரீச்சைக்கு வருகிறேன். சூடான எதையும் மூடிய மிக்ஸியில் சுற்றாதீர்கள். ஆவி விரிந்து மூடியைத் தள்ளத்தான் செய்யும். கூரையோடு போனதே என்று சந்தோஷப்படுங்கள், முகத்தில் அடித்திருந்தால்? கொட்டை நீக்கிய மெதுவான பேரீச்சை 200 கிராமை ஒரு கப் வெந்நீரில் அரைமணி ஊற வையுங்கள். ஊறியதும் தோல் பெரும்பாலும் விரலிலேயே கழன்று வரும், எடுத்துப் போடுங்கள். வெதுவெதுப்பானதும் ஊறிய தண்ணீரோடு சேர்த்து அரைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். கையும் கரண்டியும் பிசுபிசுவென்று ஆகும், பொறுமை வேண்டும். தேன் பதத்துக்குச் சற்று இளக்கமாக ஒரு பாகு கிடைக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் வரிசை: கோப்பையில் பேரீச்சைப் பாகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், பட்டை வெண்ணெய் அரை டீஸ்பூன், அதன் மேல் மோக்கா பாட் வைத்து இறக்கிய சூடான காபி 60 மில்லி. உங்கள் நுரைக் கருவியை விட்டு இருபது நொடி அடியுங்கள். பாகில் உள்ள பழச்சதை வெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மேலே எண்ணெயாக மிதக்காது. கடைசியில் இரண்டு சொட்டு வனிலா, அப்புறம் சூடான பால் 150 மில்லி.

ஐசிங்குக்கு கிரீம் சீஸ் ஒரு டேபிள்ஸ்பூன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி வெளியே வைத்து, ஸ்பூனால் நன்றாகக் குழைத்த பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த சீஸ் கட்டி கட்டியாகவே நிற்கும். கிரீம் மட்டும் சில்லென்று இருக்கட்டும், அது மூன்று டேபிள்ஸ்பூன். பேரீச்சைப் பாகு ஒரு டீஸ்பூன், துளி உப்பு. மோர் பதம் தாண்டி, ஸ்பூனிலிருந்து நாடா மாதிரி விழும் பதம் வரை அடித்தால் போதும். கெட்டியாக அடித்தால் காபி மேல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், வாயில் காபியோடு சேர்ந்து வராது. ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் மெதுவாக ஊற்றுங்கள்.

*

அரைக்கரண்டி எழுதியது:

மாவுக்கை அண்ணன் சொன்ன முறை அருமை. ஆனால் யாரோ ஒருவர் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன்: இது வெள்ளைச் சர்க்கரை இல்லாத காபி, சர்க்கரையே இல்லாத காபி அல்ல.

கணக்கு போட்டுப் பார்த்தேன். பேரீச்சையில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. 200 கிராம் பழத்தில் சுமார் 130 கிராம். அது ஒரு கப் தண்ணீரோடு சேர்ந்தால் பாகில் டேபிள்ஸ்பூனுக்கு ஏறக்குறைய 5 கிராம் வரும். காபிக்கு ஒன்றரை, ஐசிங்குக்குக் கொஞ்சம்: மொத்தம் 9 கிராம் என்று வையுங்கள். இரண்டு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை 8 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். வடிகட்டியில் நீங்கள் தேய்த்து ஒதுக்குகிற சக்கையோடு நாரில் ஒரு பகுதியும் போய்விடுகிறது.

தேன் இன்னும் மோசம். ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மேப்பிள் பாகில் மூன்றில் இரண்டு, அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலில் தேனும் பாகுகளும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைப் பட்டியலில்தான் வருகின்றன. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் அவை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்றும் அதில் இருக்கிறது. 5 சதவீதம் என்றால் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன்.

வாரம் ஒரு நாள் குடிக்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 'இயற்கை இனிப்புதானே' என்று தினம் இரண்டு கோப்பை இறக்குகிறவர்களுக்காகச் சொன்னேன். என் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார், சர்க்கரை நோயோடு. தேன் பாட்டிலை ஒளித்து வைத்தோம்.

சர்க்கரைக்கு மாற்றாக விற்கிற ஸ்டீவியா, எரித்ரிட்டால் இரண்டையும் நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஸ்டீவியாவின் இனிப்புப் பொருள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு. கை தவறினால் காபியின் கசப்போடு அதன் பின்கசப்பும் சேர்ந்து நாக்கிலேயே தங்கும். எரித்ரிட்டால் வாயில் ஜில்லென்று ஒரு உணர்வு தரும். சூடான பட்டைக் காபியில் அந்த ஜில்லிப்பு புதினா மிட்டாய் போட்ட மாதிரி இருந்தது. வேண்டாம்.

இன்னொன்று. பட்டையில் இரண்டு வகை. கெட்டியாக, ஒரே சுருளாக, உடைக்கவே கஷ்டமாக இருப்பது கேசியா. மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு விரலில் நொறுங்குவது இலங்கைப் பட்டை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறி நெடுநாள் எடுத்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் எடுப்பதானால் 2 கிராம் கேசியாத் தூளைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அண்ணன் சொன்ன அளவில் கோப்பைக்கு அரை கிராம்கூட வராது, பயமில்லை. தினமும் குடிப்பவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுங்கள். மணம் கொஞ்சம் மென்மை, ஆனால் காபியை அமுக்காது.

*

பால்காரி எழுதியது:

மூன்றாம் முறையை யாரும் கவனிக்கவில்லையே. எனக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது, இந்தத் திரிகிற பிரச்சினையோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

காபி புளிப்புள்ளது. மென்வறுவல் கொட்டையில் புளிப்பு இன்னும் அதிகம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாதாமில் உள்ள புரதம் திரண்டுவிடும். கடையில் காபிக்கென்றே விற்கும் பாதாம் பாலில் புளிப்பைச் சமன்செய்ய பாஸ்பேட் உப்பு சேர்த்திருப்பார்கள். வீட்டில் அரைத்ததில் அது இல்லை. அதனால்: கருவறுவல் தூள் வாங்குங்கள், காபியை இறக்கி இரண்டு நிமிடம் ஆற விடுங்கள், பாதாம் பாலைத் தனியாக வெதுவெதுப்பாக்குங்கள். அப்புறம் பாலைக் காபியில் ஊற்றாதீர்கள், காபியைப் பாலில் ஊற்றுங்கள், நூல் போல. நூற்றுக்கு நூறு வராது, ஆனால் எனக்குப் பத்தில் எட்டு முறை வருகிறது.

இனிப்பு போதவில்லை என்றதற்கும் பாலே பாதிக் காரணம். மாட்டுப்பால் 150 மில்லியில் இயல்பாகவே 7 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கிறது, பாதாம் பாலில் அது கிடையாது. மாட்டுப்பால் குடிப்பவர் என்றால் 60 முதல் 65 டிகிரி வரை மட்டும் சூடாக்குங்கள். பாத்திரத்தின் பக்கத்தில் கை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாது, அதுதான் பதம். கொதித்துவிட்டால் காய்ச்சிய வாடை வந்து அந்த இனிப்பு அடங்கிவிடும். மாட்டுப்பால் ஆகாது என்றால் ஓட்ஸ் பாலைப் பாருங்கள். அதில் மாவுச்சத்தை நொதி உடைத்து மால்டோஸ் ஆக்கியிருப்பார்கள், ஒன்றும் போடாமலே தித்திக்கும். அரைக்கரண்டி வந்து அதுவும் சர்க்கரைதான் என்பார். சரிதான், அதுவும் சர்க்கரைதான்.

*

வெள்ளிமாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாவுக்கை அண்ணா, நேற்றே செய்தேன். முதல் வெண்ணெய் கருகியது. பொரிகிற சத்தம் அடங்கும் என்றீர்களே, அடங்கியதைக் கேட்டுவிட்டு, போன் வந்ததென்று திரும்பினேன், முடிந்தது. இரண்டாம் தடவை போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். பட்டையைப் போட்டதும் எழுந்த வாசனையில் என் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்து 'என்ன பேக் பண்றே?' என்றாள். அங்கேயே பாதி ஜெயித்துவிட்டேன்.

பேரீச்சையைத் தேய்க்க இருபத்தைந்து நிமிடம். கை ஓய்ந்துவிட்டது, ஆனால் பாகு பட்டுப்போல வந்தது. ஐசிங்கை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே தொப்பி போல உட்கார்ந்தது. ஸ்பூனால் தின்றேன்.

அரைக்கரண்டி, உங்கள் கணக்கைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏழு வாரம் சர்க்கரை இல்லாமல் இருந்துவிட்டு இரண்டு டீஸ்பூன் பழத்தின் பேரில் உள்ளே போகிறதா என்று. பிறகு காபிக்குப் பாகை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்து, ஐசிங்கில் போடாமலே விட்டேன். அந்தத் துளி உப்பு இருந்தால் ஐசிங்குக்கு இனிப்பு தேவைப்படவில்லை.

இன்னொரு சந்தேகம். குடித்துக்கொண்டிருக்கும்போது பாதிக் கோப்பை ஆறிவிட்டது. ஆறியது சூடாக இருந்ததைவிட இனிப்பாக இருந்தது. சத்தியமாக. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, பாகு அடியில் தங்கிவிட்டதா?

*

அரைக்கரண்டி எழுதியது:

இரண்டும் இருக்கலாம், ஆனால் உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. பேரீச்சையிலும் தேனிலும் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை நிறைய. அதன் இனிப்பு வெப்பத்தைப் பொறுத்து மாறும்: குளிர்ந்தால் வெள்ளைச் சர்க்கரையைவிட நன்றாகவே இனிக்கும், சூட்டில் அந்தக் கூடுதல் இனிப்பு போய்விடும். சூட்டில் அதன் மூலக்கூறு இனிப்புக் குறைந்த வடிவங்களுக்கு மாறிக்கொள்வதுதான் காரணம். நான்காம் முறையில் மூன்று டீஸ்பூன் தேன் போட்டும் போதவில்லை என்றீர்களே, அதற்கும் இது ஒரு காரணம். கொதிக்கக் கொதிக்கக் காபியில் போட்டுக் குடித்திருப்பீர்கள்.

அதனால் ஐஸ் போட்டுக் குடிப்பதாக இருந்தால் பாகை இன்னும் குறைக்கலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

*

மாவுக்கை எழுதியது:

ஐஸ் போடுவதானால் பட்டை வெண்ணெயைச் சேர்க்காதீர்கள் தங்கச்சி, குளிர்ந்தால் மெழுகுத் துணுக்கு மாதிரி உதட்டில் ஒட்டும். அதற்குப் பதிலாக, முந்தின இரவே பாலில் ஒரு துண்டுப் பட்டையைப் போட்டு லேசாகச் சூடாக்கி, மூடி ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். பாலில் உள்ள கொழுப்பே மணத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் பட்டையை எடுத்துப் போட்டுவிடலாம், மிதக்கத் தூளே இருக்காது. பாகை ஐஸ் மேல் ஊற்றாமல் சூடான காபியில் முதலில் கலக்கிவிட்டு, அப்புறம் ஐஸில் ஊற்றுங்கள். நேராக ஐஸில் விழுந்தால் கோந்து மாதிரி அடியில் பிடித்துக்கொள்ளும்.

கருகின வெண்ணெயைக் கொட்டிவிட்டீர்களா?

*

வெள்ளிமாலை எழுதியது:

கொட்டிவிட்டேன். பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

*

கசப்புப்பிரியன் எழுதியது:

நேற்று ராத்திரி யாருக்கும் சொல்லாமல் செய்து பார்த்தேன். பாகு அரை டேபிள்ஸ்பூன், ஐசிங் இல்லை, பால் பாதி. வெண்ணெய் மட்டும் அண்ணன் சொன்ன அளவு. காபி வந்தது.